மௌனத்துக்கு ஓர் ஆள்

காலை பத்தரைக்கு ஒலிபெருக்கியில் அறிவிப்பு முடிந்ததும் அரங்கு முழுக்கக் கைதட்டல். மேடையும் இல்லை, பரிசளிப்பும் இல்லை. காமிக்கெட் தொடங்கிவிட்டது, அதற்காகத்தான் தட்டுகிறார்கள்; மேசைக்குப் பின்னால் நிற்பவர்களும் தட்டுகிறார்கள், வெளியே டிசம்பர் குளிரில் வரிசையில் விறைத்துக்கொண்டிருப்பவர்களும் தட்டுகிறார்கள். இங்கே வாடிக்கையாளர் என்று யாரையும் சொல்வதில்லை. கொண்டுவந்தவர், வாங்க வந்தவர், ஒழுங்குபடுத்தும் தொண்டர் எல்லோருக்கும் ஒரே பெயர்: பங்கேற்பாளர். 1975 டிசம்பரில் முப்பத்துச் சொச்சம் குழுக்களோடு ஆரம்பித்த, படைப்பாளிகள் தாங்களே வெளியிட்டதைத் தாங்களே விற்கும் சந்தை இது. இப்போது டோக்கியோ விரிகுடா ஓரம் அரியாகேயில், பிக் சைட் கண்காட்சி வளாகத்தில், கோடையில் ஒருமுறையும் ஆண்டுக் கடைசியில் ஒருமுறையும் கூடுகிறது.

பெரும்பாலானவர்கள் மங்கா மேசைகளை நோக்கி நகர, நான் போனது சொந்தமாக கேம் செய்கிறவர்கள் உட்காரும் பக்கம். அதிலும் விஷுவல் நாவல் செய்கிறவர்கள். பார்த்திராதவர்களுக்கு: திரையில் ஒரு பின்னணிப் படம், அதன் முன் ஒன்றிரண்டு பாத்திரங்கள், அடியில் ஒரு பெட்டியில் வாசகம். தட்டத் தட்ட வரி நகரும். எங்காவது ஓரிடத்தில் ‘அவள் பின்னால் போவதா, வீட்டுக்குத் திரும்புவதா’ என்று கேட்கும். சொல்லும் பதிலைப் பொறுத்துக் கதை கிளை பிரியும். ஓடுவது, சுடுவது எதுவும் கிடையாது. சுன்சாஃப்ட் நிறுவனம் 1992இல் கொண்டுவந்த ‘ஒட்டோகிரிசோ’வில் இந்த வடிவம் காலூன்றியது. 1996இல் லீஃப் நிறுவனம் தன் ‘ஷிசுகு’வுக்குக் கொடுத்த வகைப்பெயர்தான் இன்று இந்த வடிவத்துக்கே பெயராகிவிட்டது.

ஒரு குழுவுக்கு அரை மேசை. 90 சென்டிமீட்டர் அகலம், 45 சென்டிமீட்டர் ஆழம், இரண்டு நாற்காலி. நான் நின்ற மேசையில் வட்டுகள் ஓர் அடுக்கு, பதிவிறக்கக் குறியீடு அச்சிட்ட அட்டைகள் ஓர் அடுக்கு, முன்னோட்டப் பதிப்பு ஓடிக்கொண்டிருந்த ஒரு மடிக்கணினி. இருந்தவர்கள் இருவர்: படம் வரைகிற பெண், ‘ஸ்கிரிப்ட்’ பார்க்கிற இளைஞர். கதாசிரியர் வரவில்லை, புத்தாண்டுக்கு ஊருக்குப் போயிருக்கிறார். இசையமைப்பாளரை இருவருமே நேரில் பார்த்ததில்லையாம். கோப்பு வரும், நன்றி சொல்லி அனுப்புவார்கள், அவ்வளவுதான்.

எனக்குத் தெரிந்த அரைகுறை ஜப்பானிய மொழியில், யாருக்கு வேலை அதிகம் என்று கேட்டேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே தன் கோப்புறையைத் திறந்தார்.

நாயகி ஒருத்திக்கு மூன்று உடை, நான்கு நிலை, பன்னிரண்டு முகபாவம். பெருக்கினால் 144. அத்தனையையும் யாரும் வரைவதில்லை. உடம்புகளை மட்டும் பன்னிரண்டு வரைந்து, ஒவ்வொரு நிலைக்கும் பொருந்துகிற மாதிரி முகங்களைத் தனியாக நாற்பத்தெட்டு வரைந்து வைக்கிறார். ஒட்டுகிற வேலை கணினியுடையது. ஆக 60 துண்டு. இது ஒரு பாத்திரத்துக்கு. பெரிய நிறுவனங்களில் கோட்டோவியம் போடுகிறவர் வேறு, வண்ணம் தீட்டுகிறவர்கள் வேறு. பெட்டியின் மேல் பெயர் வருவது முதலாமவருக்கு. அவர் கோட்டின் குணம் மாறாமல் மாதக்கணக்கில் வண்ணம் போட்டவர்களின் பெயரைக் கடைசியில் ஓடும் பட்டியலில் தேடவேண்டும். இந்த அரை மேசையில் இரண்டும் இந்தப் பெண்ணே.

கதாசிரியரோடு அவருக்கு நிரந்தர வழக்கு ஒன்று உண்டு. திரை முழுவதையும் நிரப்பும் சிறப்புப் படங்கள் ஒவ்வொன்றும் நாள்கணக்கில் ஆளை விழுங்கும். ‘இங்கே ஒரு படம் வேண்டும்’ என்று கதாசிரியர் குறித்து அனுப்புவார். இவர் பாதியை அடித்துத் திருப்பி அனுப்புவார். எழுதுகிறவருக்கு ‘திருவிழாக் கூட்டம்’ என்று எழுத ஒரு நொடி, வரைகிறவருக்கு ஒரு வாரம். குழுவில் இயக்குநர் என்று ஒருவர் தேவைப்படுவதே இந்தப் பஞ்சாயத்துக்குத்தான் என்று எனக்குப் படுகிறது.

பின்னணி வரைய இவர்களிடம் ஆள் இல்லை. விலைக்கு வாங்குகிறார்கள். ஆள் இல்லாத இடத்தை வைத்தே ஒரு பாணியை உண்டாக்கியவர்களும் இதே சந்தையில் இருந்திருக்கிறார்கள். ரியூகிஷி07 என்ற புனைபெயர்க்காரர் 2002 கோடைக் காமிக்கெட்டில் ‘ஹிகுராஷி’யின் முதல் பாகத்தைக் கொண்டுவந்தபோது எழுத்தும் அவரே, ஓவியமும் அவரே. பின்னணிக்கு ஷிரகாவா-கோ மலைக்கிராமத்தின் புகைப்படங்களைக் கணினியில் மாற்றி வைத்துக்கொண்டார். இசைக்கு இணையத்தில் இலவசமாகக் கிடைத்தவை. கை வரைவதில் அவர் அப்படியொன்றும் தேர்ந்தவர் இல்லை, ரசிகர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் அந்தப் புகைப்படக் கிராமத்தின் முன் அந்தப் பொம்மை முகங்கள் நிற்கும்போது வருகிற அச்சம், திறமையான பின்னணி ஓவியர் இருந்திருந்தால் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

அதுவரை பேசாமல் நின்ற இளைஞரிடம் உங்கள் வேலை என்ன என்றேன். பதில் சொல்லவில்லை, மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி ஒரு காட்சியை இரண்டு விதமாக ஓட்டிக் காட்டினார்.

பள்ளிக்கூட மொட்டை மாடி, மழை. அவள் சொல்ல வேண்டியது: ‘நாளையிலிருந்து நான் வரமாட்டேன்.’ முதல் ஓட்டம், கதாசிரியர் கொடுத்தபடியே. அவள் முகம் திருப்பினாள், சற்று நேரம் பேசவில்லை, மழை வலுத்தது என்று மூன்று வாக்கியம், பிறகு வசனம். நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது ஓட்டத்தில் அந்த மூன்று வாக்கியமும் இல்லை. முகம் மாறுகிறது. இசை இரண்டு வினாடியில் தேய்ந்து நிற்கிறது. மழைச் சத்தம் மட்டும். நான் தட்டிப்பார்த்தேன், நகரவில்லை. ஒன்றரை வினாடிக்குத் தட்டலை ஏற்காதபடி பூட்டியிருக்கிறார். பிறகுதான் வசனம் வருகிறது, அதுவும் ஒவ்வொரு எழுத்தாக, வழக்கத்தைவிட மெதுவாக. எனக்கு உண்மையிலேயே தொண்டை அடைத்தது.

தோல்பாவைக்கூத்தில் திரைக்குப் பின்னால் பாவையை ஆட்டுகிறவரின் இடம் இது. எழுதி வந்த வரி, வரைந்து வந்த முகம், இசைத்து வந்த கோப்பு, மூன்றும் இவர் மேசையில்தான் முதன்முதலாகச் சந்திக்கின்றன. கதை எழுதுவதும் நிரல் எழுதுவதும் இவர் வேலையில்லை. இயந்திரம் ஆயத்தமாகக் கிடைக்கிறது: அந்தக் காலத்தில் என்ஸ்கிரிப்டர், கிரிகிரி, இப்போது டைரானோ, ரென்பை. அதனிடம் எந்த வரியில் எந்த முகம், எத்தனை மில்லிவினாடி இருட்டு, எங்கே அமைதி என்று ஒவ்வொரு வரிக்கும் சொல்கிறவர் இவர். அந்த மூன்று வாக்கியத்தை வெட்டியதற்காகக் கதாசிரியர் ஒரு வாரம் இவரோடு பேசவில்லையாம். ‘இரண்டு வினாடிக்கு மேல் பூட்டினால் வாசகருக்குக் கோபம் வந்துவிடும்,’ என்றார். ‘இரண்டாம் முறை படிப்பவர் வேகமாகத் தள்ளிக்கொண்டே போவார். அவருக்கு இந்தப் பூட்டு தானாகத் திறக்க வேண்டும். அதை மறந்தால் வசவுதான்.’

பிழை பார்ப்பதும் இவர் தலையில். இரண்டிரண்டு வழியாக ஐந்து இடத்தில் கேள்வி வைத்தால் 32 பாதை. ஒவ்வொன்றிலும் நடந்து, இறந்துபோன பாத்திரம் அடுத்த காட்சியில் தேநீர் குடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். குரல் நடிகர்களை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி: ஒவ்வொரு வசனத்துக்கும் ஓர் எண், அந்த எண்ணில் ஓர் ஒலிக்கோப்பு. பதிவு முடிந்தபிறகு கதாசிரியர் ஒரு சொல்லை மாற்றினாலும் கண் படிப்பது ஒன்று, காது கேட்பது ஒன்று. இந்தக் குழுவுக்குக் குரல் வைக்கப் பணமில்லை. அந்தத் தலைவலியும் இல்லை.

எழுத்தாளர்கள் பலரானால் நிலைமை வேறு. கீ நிறுவனத்தின் ‘கானோன்’ (1999) கதையில் நாயகிகளை ஹிசாயா நவோகியும் மாயெதா ஜுன்னும் பங்கிட்டுக்கொண்டார்கள். மாயெதா இசையும் அமைப்பவர். இணையத்தில் சந்தித்த பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து 2012இல் வெளியிட்ட ‘கதாவா ஷௌஜோ’வில் நாயகிக்கு ஒருவராக எழுதினார்கள். ஒரே பாத்திரம் ஐந்து பேர் கையில் ஐந்து விதமாகப் பேசாமல் பார்த்துக்கொள்ள அங்கே ஒரு பதிப்பாசிரியர் மனம் வேண்டும். நாசு கினோகோ எழுத, அவருடைய பள்ளித் தோழர் தகேவுச்சி தகாஷி வரைய, 2000 குளிர்காலக் காமிக்கெட்டில் வந்த ‘சுகிஹிமே’ மாதிரி இரண்டு நண்பர்களைச் சுற்றி அமைகிற சிறுகுழுவுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

நான்கு மேசை தள்ளி ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். எழுத்து, ஓவியம், ஒலி, பிழைபார்ப்பு எல்லாம் தானே என்றார். வட்டுகளைக்கூட முந்தின இரவு வீட்டிலேயே பதிவு செய்து கொண்டுவந்தாராம். அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டுமென்றால் வாரக்கணக்கில் முன்பே முடித்திருக்க வேண்டுமே. அடுத்த தடவை ஓர் ஆள் கிடைத்தால் எந்த வேலையை முதலில் கைமாற்றுவீர்கள் என்று கேட்டேன்.

‘ஓவியத்தை. இன்றைக்கே,’ என்றார். ‘எழுத்தைக்கூடக் கொடுத்துவிடுவேன், என்னைவிட நன்றாக எழுதுகிறவர் வந்தால். ஸ்கிரிப்டை மட்டும் கேட்காதீர்கள்.’

அதற்குள் எனக்குப் பின்னால் இரண்டு பேர் சில்லறையை எண்ணி வைத்துக்கொண்டு நின்றிருந்தார்கள். ஒரு வட்டு வாங்கிக்கொண்டு நகர்ந்தேன்.