ஒரு வருசத் தவணை

வெட்டுப்பட்ட தன்ர தலையைக் கையில தூக்கிக்கொண்டு ஒருத்தன் குதிரையில ஏறிப் போறான். போகேக்க, ஒரு வருசத்தால வா எண்டு அந்தத் தலை சொல்லுது.

'த கிறீன் நைட்' (2021) தொடங்கிக் கொஞ்ச நேரத்தில வாற காட்சி இது. 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட, எழுதினவர் ஆரெண்டே தெரியாத ஒரு கதைப்பாட்டை டேவிட் லோவரி படமாக்கியிருக்கிறார். அரசரின் மருமகன் கவெய்னாகத் தேவ் பட்டேல். கிறிஸ்மஸ் விருந்துக்கு நடுவில மரப்பட்டை போலத் தோலோட ஒரு பச்சை வீரன் வாறான். எனக்கு ஒரு வெட்டுப் போடு, அடுத்த கிறிஸ்மஸுக்கு என்ர இடத்துக்கு வந்து அதே வெட்டை வாங்கு. இதுதான் விளையாட்டு. சின்னக் கீறல் போட்டிருந்தாலே காணும். கவெய்ன் தலையையே எடுத்துப்போட்டான்.

ஏனெண்டா அதுக்குக் கொஞ்சம் முதல், உன்னைப் பற்றி ஒரு கதை சொல்லு எண்டு அரசர் கேட்டவர். அவனிட்டச் சொல்ல ஒண்டும் இருக்கேல்ல. "இப்ப என்ன செய்யிறாய்?" எண்டு சொந்தக்காரர் கேக்கிற வயசில இருக்கிற எங்களுக்கு அந்த இடம் நல்லாக் குத்தினது.

படம் மெதுவானதுதான். எங்களில் சிலருக்குக் கொட்டாவியும் வந்தது. வாள்ச்சண்டை எதிர்பார்த்து இருந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஆனா தலை போகப்போற இடத்துக்குத் தானே நடந்து போற ஒருத்தனை எப்பிடி வேகமாகக் காட்டுறது?

காட்டில கள்ளர் அவனைக் கட்டிப் போட்டிட்டுப் போயிடுவினம். கமெரா அவனை விட்டு மெல்லத் திரும்பி, மரங்களைச் சுற்றி ஒரு முழு வட்டம் அடிச்சு வந்து பார்த்தால், அதே இடத்தில கட்டோட ஒரு எலும்புக்கூடு. பேச்சில்லை. பிறகு கமெரா வந்த வழியே திரும்பிப் போகுது, அவன் உயிரோட கிடக்கிறான். அதுக்குப் பிறகுதான் கயிற்றை அறுக்க வாளைத் தேடி ஊருறான். இதை வெட்டிச் சுருக்கியிருந்தால் அந்தப் பயம் எங்களிட்ட வந்திராது.

நிறத்திலயும் அதே கதைதான். அயர்லாந்துப் பனிமூட்டத்துக்குள்ள அவன்ர மஞ்சள் மேலாடை மட்டும் தனியாகத் தெரியும். மற்ற இடமெல்லாம் பாசி. நாங்கள் போன பிறகு எங்களை மூடுற நிறம் பச்சை எண்டு ஒரு பெண் அவனுக்கு விளக்குவாள். (பகல் வெளிச்சத்தில போனில பாக்காதேங்கோ, பாதிப் படம் கறுப்பாத்தான் தெரியும்.) அவள் இருக்கிற மாளிகைப் பகுதி கொஞ்சம் இழுவை எண்டதையும் சொல்லோணும்.

முடிவு தெரிய விரும்பாத ஆக்கள் இதோட நிப்பாட்டலாம்.

மூலக்கதையில் கவெய்ன் கழுத்தில ஒரு சின்னக் காயத்தோட வீடு திரும்புவான். படத்தில கோடரி ஓங்கின நேரம், ஓடிப்போனால் வரப்போற முழு வாழ்க்கையும் அவனுக்கு முன்னால ஓடுது. அரசனாகிறான், மகனைப் போரில குடுக்கிறான், கடைசியில தனியாக இருக்கிறான். ஒரு வார்த்தை பேசாமலே அவ்வளவும். அதைக் கண்ட பிறகு, உயிரைக் காப்பாத்தும் எண்டு இடுப்பில கட்டியிருந்த பச்சைப் பட்டியைத் தானே அவிழ்க்கிறான்.

வெட்டு விழுந்ததா எண்டு படம் காட்டேல்ல. எங்களுக்குள்ள இரண்டு கட்சி. பெயர்கள் ஓடி முடிஞ்ச பிறகு ஒரு சின்னப் பிள்ளை கீழ கிடக்கிற முடியை எடுத்துத் தலையில வைக்கும். விழேல்ல எண்டு சொல்லுற கட்சி அதைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுது.