உச்சிக்கால மணிக்கு இடம் மாறு

கடனா நதி தாமிரபரணியோடு கலக்கிற இடம் திருப்புடைமருதூர். நாறும்பூநாதர் கோயில் கோபுரத்தின் ஐந்து நிலைகளிலும் உள்ள சுவரோவியங்களைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். கோடை விடுமுறைக்குத் தாத்தா வீட்டில் கூடும் எங்களுக்கு அந்த ஊர் என்றால் ஆற்றங்கரை மருத மரத்தடிதான். அங்கே கல்லில் கரித்துண்டால் கோடு கிழித்தால் ஆடுபுலி ஆட்டம் தயார். புளியங்கொட்டை ஆடு, கூழாங்கல் புலி.

23 முனை, 3 புலி, 15 ஆடு. ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். அத்தனையும் இறங்கும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது. ஆட்டுக்கு நேர் பின்னால் முனை காலியாக இருந்தால் புலி தாண்டி வெட்டும். இரண்டு பேருக்கும் கை பழகிவிட்டால் ஆட்டம் இறுகிப் போகும். ஆடுகள் ஓரத்தை விட்டு வராது, புலி இங்கும் அங்கும் அலைந்துகொண்டிருக்கும். இதற்கு உறவான நேபாளத்துப் பாக்சாலில் 4 புலி, 20 ஆடு. இருவரும் பிசகாமல் ஆடினால் யாருக்கும் வெற்றியில்லை என்று கணினியில் கணக்கிட்டே காட்டியிருக்கிறார்கள். கணினி இல்லாமலே எங்களுக்கு அந்தச் சலிப்பு வந்துவிட்டது.

விதியை மாற்றிப் பார்க்கலாம் என்று முதலில் சோழி உருட்டி, விழுந்த எண்ணுக்கு நகர்த்திப் பார்த்தோம். யோசித்து ஆடுகிறவனும் யோசிக்காதவனும் ஒன்றாகிப்போனதால் பெரியண்ணன் சோழியை எடுத்து உள்ளே வைத்துவிட்டான். அவன் செய்தது சரி. புது விதி ஆளைக் கூடுதலாக யோசிக்க வைக்க வேண்டும்.

அடுத்த விதியைக் கொக்குகள் தந்தன. அந்த ஊரைப் பறவைகளுக்கான பாதுகாப்புப் பகுதியாக அரசு அறிவித்தது 2005-ல்தான். மரத்தில் கூடுகள் எங்கள் காலத்திலேயே நிறைய இருந்தன. கட்டத்தில் எச்சம் விழுந்தால் அந்த முனை அந்த ஆட்டம் முழுக்கச் செல்லாது என்று வைத்தோம். ஒரு முனை அடைபட்டால் அதை ஒட்டிய ஆட்டைத் தாண்டிக் குதிக்கப் புலிக்கு இடமில்லை. அதே முனை புலியின் வழியையும் மறித்துவிடும். மனப்பாடமாக இருந்த கட்டம் ஒரு நொடியில் அந்நியமாகிவிடும்.

ஆனால் எங்களுடைய தலைசிறந்த விதி மதினி கொண்டுவந்தது. உச்சிக்கால பூஜை மணி கேட்டதும் ஆடுகிற இருவரும் எழுந்து இடம் மாறி உட்கார வேண்டும். காய்கள் இருந்தபடியே இருக்கும். இதுவரை மேய்த்தவன் இனி வேட்டைக்காரன். மணி நெருங்க நெருங்கப் புலிக்காரர் கண்ணெதிரே உள்ள ஆட்டை வெட்டாமல் விடுவார். ஆட்டுக்காரர் வேண்டுமென்றே நடுவில் ஓட்டை விடுவார். தன் பக்கத்தை எவ்வளவு கெடுப்பது, எப்போது கெடுப்பது என்பதில்தான் அத்தனை சாமர்த்தியமும். சீக்கிரம் கெடுத்தால் மணிக்கு முன்பே தோல்வி. அதனால் மணி விழுகிற நேரத்து ஆட்டத்துக்கு அடிதடியே நடக்கும்.

குருக்கள் பக்கத்து ஊரிலிருந்து சைக்கிளில் வருவார். மணி பதினொன்றரைக்கும் கேட்கும், பன்னிரண்டரைக்கும் கேட்கும். மதினி மட்டும் மடப்பள்ளிப் புகையைப் பார்த்துக்கொண்டே ஆடுவாள். புகை மெலிந்தால் நைவேத்தியம் தயாராகிவிட்டது என்று அர்த்தம். அந்தக் கணக்கு புரியாமல் பெரியண்ணன் அவளிடம் தோற்றுக்கொண்டே இருந்தான். “எந்திரில, மணி அடிச்சாச்சு!” என்று அவள் போடும் சத்தத்துக்குக் கொக்குகள் எழும்பும்.

சென்னையில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தபோது செல்போனில் அலாரம் வைத்துப் பார்த்தோம். நேரம் தெரிந்துவிட்டதால் ஆட்டம் சப்பென்றிருந்தது. அண்ணன் பேத்திதான் வழி கண்டுபிடித்தாள்: அடுக்களையில் குக்கர் மூன்றாவது விசில் அடித்ததும் இடம் மாற வேண்டும். இப்போது உள்ளே வேகிறது பருப்பா, கொண்டைக்கடலையா என்று முதலில் விசாரித்துவிட்டுத்தான் எல்லோரும் ஆட உட்காருகிறார்கள்.