வெட்டுதலும் சீவுதலும்

ஆங்கிலத்தில் 'டாப்' என்றொரு வினைச்சொல் உண்டு. மெல்லத் தட்டுதலைக் குறிக்கும் 'டாப்' வேறு. அது பிரெஞ்சு வழி வந்தது என்பர். ஈண்டு நாம் நோக்குவது, இரப்பர் மரத்திலிருந்து பால் எடுத்தலைக் குறிக்கும் சொல்லை. அதன் பிறப்பிடம் தோட்டமன்று, மதுச்சாலை. மரப்பீப்பாயின் துளையை அடைக்கும் கட்டைக்குப் பழைய ஆங்கிலத்தில் 'தெப்பா' என்று பெயர். அக்கட்டையை உருவி மதுவை ஒழுகவிடுதலே அவ்வினையின் முதற்பொருள். பின்னர் அது மரத்திற்கும் ஆயிற்று. பிறர் தொலைபேசிப் பேச்சைக் களவாய்க் கேட்பதற்கும் ஆயிற்று. மரமும் மனிதப் பேச்சும் அச்சொல்லுக்குப் பீப்பாய்களே.

ஜொகூர் மாநிலத்தில் குளுவாங், ரெங்கம், லாபிஸ் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர் இச்சொல்லை ஏற்கவில்லை. துரை 'டாப்பிங்' என்றார். கங்காணி 'வெட்டு' என்றார். என் பெற்றோர் 'வெட்டுக்குப்' போனவர்கள். விடியுமுன் பிரட்டில் நின்று, நிரைக்கு நடந்து, வெயிலேறுமுன் முடித்தாக வேண்டும்; மரத்தினுள் பாலின் அழுத்தம் வைகறையில் மிகுந்து, வெயிலில் குறைவது. மலாய்க்காரர் 'மெனோரே' என்பர். கீறுதல் என்பது பொருள். சீனரும் அறுத்தலைக் குறிக்கும் வினையையே ஆள்வர். கத்தி பிடித்த மூவினத்தாரும் கத்தியின் தொழிலைச் சொன்னார்கள். பாலுக்கு உரியவன், பால் ஒழுகுவதைச் சொன்னான். இது என் கருத்தேயன்றி மொழிநூல் முடிபன்று.

எனினும், 'வெட்டு' என்பதில் இன்று ஓர் இடர் நேர்ந்துள்ளது. "தாத்தா நாள்தோறும் மரம் வெட்டினார்" என்னும் தொடரை வகுப்பில் எழுதியபோது, மாணவி ஒருத்தி எழுந்து, "அத்தனை மரத்தையும் சாய்த்துவிட்டாரா, ஐயா?" என்று வினவினாள். வகுப்பு சிரிக்கவில்லை; எல்லாரும் அவ்வாறே கொண்டிருந்தனர். செம்பனை சூழ்ந்த ஊரில் பிறந்த பிள்ளைகள் வேறெவ்வாறு கொள்வர்?

அன்று முதல் 'சீவு' என்னும் சொல்லை நான் முன்வைத்து வருகிறேன். அதுவும் தோட்டத்துச் சொல்லே, பொருளிலும் நுட்பமுடையது. பிரேசில் நாட்டுக் காடுகளில் சிறுகோடரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுத்தனர். மரம் புண்பட்டு முடிச்சு விழுந்தது. 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, அடுத்த சில ஆண்டுகளில் வேறு முறை கண்டார். சாய்வாக ஒரே கோட்டினை இட்டு, அதன் கீழ்விளிம்பில் மெல்லிய இழையை மீண்டும் மீண்டும் சீவி எடுத்தல் அம்முறை. ஒருமுறை சீவும் கனம் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவிலுள்ள வளர்படலத்தைக் கத்தி தீண்டலாகாது. தீண்டின் புதுப்பட்டை செவ்வனே வளராது. பனையின் பாளையை நாள்தோறும் இழையிழையாய்ச் சீவும் மரபுடைய மக்களுக்கு இது புதிய வித்தையாகத் தோன்றியிராது.

பனை என்றதும் 'கள் இறக்குதல்' நினைவுக்கு வரும். இங்கே பின்லாந்து மொழியைச் சற்று நோக்கலாம். அம்மொழி உள்ளிட்ட குழுவோடு திராவிட மொழிகளுக்கு உறவு காட்ட முயன்றவர் கால்டுவெல். அவரது ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்தது. அவ்வுறவு இன்று ஏற்கப்படவில்லை. ஆயினும் சொல்லாக்கத்தை ஒப்பிட்டு மகிழத் தடையில்லை. பீப்பாய் மதுவைக் குவளையில் எடுப்பதை அவர்கள் 'லஸ்கேயா' என்பர். இறக்குதல் என்பதே அச்சொல்லின் பொருள். இளவேனில் தொடக்கத்தில் பூர்ச்சமரத்தைத் துளைத்துச் சாறு எடுத்தலை 'யுவொக்சுத்தா' என்பர். 'யுவொஸ்தா' ஓடுதல், இது அதன் பிறவினை. நாம் 'ஓடு' என்பதை 'ஓட்டு' ஆக்குவது போல, அவர்கள் விகுதி சேர்த்து ஓடச்செய்கின்றனர். தொலைபேசிக் களவிற்கும் பீப்பாயை நாடாமல், 'மறைந்து கேட்டல்' எனப் பொருள்படும் சொல்லையே கொண்டனர். நம் 'ஒட்டுக்கேட்ட'லுக்கு அது அண்டைவீடு.

ஒலியொப்புமையை மட்டும் நம்பற்க. பீப்பாய்க் கட்டைக்கு அங்கே 'தப்பி' என்று பெயர். சுவீடன் மொழி வழி வந்த, ஆங்கிலச் சொல்லின் சுற்றம் அது. இதனோடு தொடர்பில்லாத 'தப்பா' என்பதற்கு அம்மொழியில் கொல்லுதல் என்று பொருள். நம் நாட்டில் தப்பியவன் பிழைத்தவன்!

அம்மாணவியையும் தோழியரையும் முன்னாள் தோட்டத் தொழிலாளரிடம் அனுப்பிச் சொற்களைக் குறித்துவரச் சொல்லியிருக்கிறேன். முதலில் வந்த தாளில் மங்கு, ஒட்டுப்பால், தவரணை, காண்டா ஆகியவை இருந்தன. 'சீவு' என்பதற்கு எதிரே, மூதாட்டி ஒருவர் சொன்னபடி, "பட்டையைத் தொடணும், மரத்தைத் தொடக்கூடாது" என்று எழுதியிருந்தாள். பால்வாளிகளைத் தோளில் தூக்கும் கழியாகிய 'காண்டா', மலாயின் 'கண்டார்' என்பதிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். மற்றச் சொற்களை அடுத்த வாரம் பார்க்க இருக்கிறோம்.