மஞ்சப்பை அச்சும் பஜ்ஜு ஷ்யாமின் மரங்களும்

லண்டன் பாதாள ரயிலை மண்புழுவாக வரைய யாருக்குத் தோன்றும்? பஜ்ஜு ஷ்யாமுக்குத் தோன்றியது. 30ஆம் எண் பேருந்து அவருக்கு நாய். வழி தெரியாதவனைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிற விசுவாசி. பிக் பென் கடிகாரத்தைச் சேவலோடு சேர்த்துவிட்டார். இரண்டுக்கும் ஒரே வேலைதானே! அங்கே ஓர் உணவகச் சுவரில் ஓவியம் தீட்டப் போன மனிதர் கண்டதையெல்லாம் தன் கோண்டுப் பழங்குடிப் பாணியில் ஓவியமாக்க, சென்னையின் தாரா பதிப்பகம் 2004இல் ‘தி லண்டன் ஜங்கிள் புக்’ என்று வெளியிட்டது. காரைக்கால் பக்கத்து விழிதியூரில் எங்கள் தெருப் பிள்ளைகளிடம் அதைக் கொடுத்தால் கதை கேட்க மாட்டார்கள். மண்புழு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலால் தடவிக்கொண்டே போவார்கள்.

ஆனால் என்னைச் சென்னைக்குக் கிளப்பியது தாராவின் இன்னொரு புத்தகம். ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’, 2006. பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம்சிங் உர்வேதி மூவரும் வரைந்த மரங்கள். கறுப்புத் தாள், அதன்மேல் எழும்பி நிற்கும் வண்ணம். கண்ணை மூடிக்கொண்டு தடவினால்கூடக் கிளை எந்தப் பக்கம் போகிறதென்று விரலுக்குத் தெரியும். புரட்டும்போது மை வாசனை வேறு. ஆஃப்செட் மெஷினில் இது வராது.

காரைக்காலில் துணிப்பைக்கு அச்சடிக்கிற ஒருவரிடம் புத்தகத்தைக் காட்டினேன். பக்கத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தார். “நம்ம வேலைதான் சார் இது. ஸ்கிரீன். ஆனா இவ்வளவு சன்னமான கோடு தாள்ல விழணும்னா ஆள் கைகாரனா இருக்கணும்” என்றார். கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுக்கும் மஞ்சப்பையில் மணமக்கள் பெயர் விழுவது இந்த முறையில்தான். இதே தொழில்தான் 2008இல் இத்தாலியின் பொலோனா நகரக் குழந்தைப் புத்தகச் சந்தையில் ‘நியூ ஹொரைசன்ஸ்’ விருது பெற்ற இந்த மரப் புத்தகத்தையும் அச்சடித்தது.

அடித்தவர்கள் சென்னை ஏ.எம்.எம். ஸ்கிரீன்ஸ் பட்டறைக்காரர்கள். ஆறுமுகம் என்பவர் நடத்துவது. ஊர்ப்பக்கத்திலிருந்து வந்த இளைஞர்கள்தான் பெரும்பாலும். ‘பட்டறை’ என்றதும் இருட்டும் இரைச்சலும் நினைவுக்கு வந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். மெஷின் ஓடாத இடம் அது. மை இழுபடும் சத்தமும் பேச்சும்தான் கேட்கும்.

நான் போனபோது கறுப்புத் தாளில் ஒரு மரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வண்ணத்துக்கு ஒரு ஸ்கிரீன். சட்டத்தில் இறுக்கிக் கட்டிய வலைத்துணியில் ஒளிபட்டால் இறுகுகிற மருந்தைப் பூசி, படத்தின் ஃபிலிமை வைத்து வெளிச்சம் காட்டிக் கழுவினால், கோடு இருந்த இடம் மட்டும் திறந்துகொள்ளும். அந்தச் சட்டத்தைத் தாள்மேல் இறக்கி, மையை ஊற்றி, ரப்பர்க் கட்டையால் ஒரே இழுப்பு. சட்டத்தைத் தூக்குகிறார், மரம் வந்துவிட்டது. ஒருவர் இழுக்க, இன்னொருவர் தாளை இரண்டு முனையில் பிடித்து எடுத்துக் காயப்போடுகிறார். இருவரும் ஒருவரையொருவர் நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

இழுப்பது பெரிய வித்தை என்று நினைத்திருந்தேன். “இழுக்கிறது பழகிடும் சார். ரெண்டாவது கலர் போடும்போதுதான் பயமே” என்றார் கட்டை பிடித்திருந்த தம்பி. காரணத்தையும் சொன்னார். கையால் செய்த தாள் ஒன்று போல இன்னொன்று இருக்காது. ஓரம் நேராக வராது, ஒரு பக்கம் கனத்திருக்கும். காற்றில் ஈரம் ஏறினால் தாள் உப்பிக்கொள்ளும். முதல் வண்ணம் காய்ந்த பிறகு இரண்டாவதை வைக்கும்போது ஒரு மயிரிழை நகர்ந்தால் போதும், பஜ்ஜுவின் இலை கிளையை விட்டுத் தனியே நிற்கும். கழித்துப் போட்டிருந்த தாளொன்றைக் காட்டி எங்கே பிசகியிருக்கிறது என்று கேட்டார். நான் தேடிக்கொண்டிருக்கும்போதே நகத்தால் தொட்டுக் காட்டிவிட்டார்.

அடித்து முடித்த தாள்களை மடித்து, அடுக்கி, நூல் கோத்துத் தைப்பதும் கைதான். ஒவ்வொரு பிரதிக்கும் எண் போடுவதும் கைதான்.

தாராவுக்கும் இந்தப் பட்டறைக்குமான உறவு 90களில் தொடங்கியது. கீதா வுல்ஃப் எழுதி, இந்திரபிரமித் ராய் வார்லி பாணியில் வரைந்த ‘தி வெரி ஹங்ரி லயன்’ மாதிரிப் பிரதியை வெளிநாட்டுச் சந்தைக்குக் கொண்டுபோனார்கள். கனடாப் பதிப்பகம் ஒன்று 8,000 பிரதி கேட்டுவிட்டது. அத்தனையும் கையாலேயே அடித்து அனுப்பினார்கள். மெஷினுக்கு மாறிவிடலாம் என்று யாராவது அன்று சொல்லியிருந்தால் நமக்கு அந்தக் கறுப்பு மரங்கள் கிடைத்திருக்காது.

பஜ்ஜு ஷ்யாமின் கதையும் இந்த இளைஞர்களின் கதைக்குத் தூரமில்லை. மத்தியப் பிரதேசத்தின் பாட்டன்கட் கிராமத்துக்காரர். பிழைக்க போபால் வந்து இரவுக் காவல் உட்படக் கிடைத்த வேலையெல்லாம் பார்த்தவர். கோண்டு ஓவியத்தை வீட்டுச் சுவரிலிருந்து தாளுக்கும் கித்தானுக்கும் கொண்டுவந்த ஜங்கட் சிங் ஷ்யாம் அவருக்குச் சித்தப்பா முறை. பெரியவரின் ஓவியங்களில் உள்கோடுகளை நிரப்பும் வேலை பஜ்ஜுவுக்கு. பெயர் இன்னொருவருடையது, கை இவருடையது. அப்படித் தொடங்கியவர்தான் 2018இல் பத்மஸ்ரீ வாங்கினார். துர்கா பாய்க்கு 2022இல் கிடைத்தது.

கோண்டு வீடுகளில் பெண்கள் தரையிலும் சுவரிலும் போடும் ‘டிக்னா’வும் நம் வாசல் கோலமும் ஒரு சாதிதான். அங்கிருந்து வளர்ந்த ஓவியத்தில் உருவத்தை நிரப்பும் புள்ளியும் கோடும் ஆளுக்கு ஆள் வேறுபடும். கையெழுத்துப் போடாமலே யார் வரைந்தது என்று கோண்டு ஓவியர்கள் சொல்லிவிடுவார்கள். அப்படிப்பட்ட கோட்டைத் தன் கோடாக எண்ணிப் பதறுகிற ஒருவர் கையில் ரப்பர்க் கட்டை இருப்பதால்தான், நான் ஓவியரை ரசிக்கும்போது அச்சடித்தவரையும் சேர்த்து ரசிக்க வேண்டியிருக்கிறது. ஓவியரைக் கொண்டாடும் மதிப்புரைகள் பலவற்றிலும் பட்டறைக்கு ஒரு வரிகூட இல்லாதது எனக்குக் குறையாகவே படுகிறது.

இன்னொரு குறையும் உண்டு. ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ விலை ஆயிரம் ரூபாயைத் தாண்டும். அநியாயம் என்று சொல்ல மாட்டேன். அத்தனை கைக்கும் கூலி உண்டு. ஆனால் விழிதியூரில் எந்த வீட்டில் பிள்ளைக்கு அந்த விலையில் படப்புத்தகம் வாங்குவார்கள்? தமிழ்நாட்டில் அச்சான மரங்கள் பாரிஸிலும் டோக்கியோவிலும் அலமாரி ஏறுகின்றன, டெல்டாப் பிள்ளைக்கு எட்டுவதில்லை.

காரைக்கால் பகுதிப் பள்ளித் தலைமையாசிரியர்களிடமும் நூலகர்களிடமும் இதைத்தான் கேட்கிறேன். ஆண்டுக்கு ஒன்று, இப்படிக் கையால் செய்த புத்தகம் ஒன்றை நூலகக் கணக்கில் வாங்குங்கள். வாங்கிப் பீரோவில் பூட்டிவிடாதீர்கள். பிள்ளைகளைக் கை கழுவிவிட்டு வரச் சொல்லித் தொட்டுப் பார்க்க விடுங்கள்.