மொச்சை வேகும் நேரம்

குக்கர் விற்க ஒரு வீட்டில் கூட்டம் வைத்தால், அதைப் பையிலிருந்து எடுப்பதற்கு முன் அந்த வீட்டு அடுப்பைப் பார்த்துவிடுவேன். விறகா, கேஸா? கொல்லிமலையின் பைல் நாட்டில் இரண்டும் வைத்திருக்கும் வீடுகள் உண்டு. காப்பிக்குக் கேஸ், களிக்கும் பருப்புக்கும் விறகு. விறகடுப்பில் தீ பக்கவாட்டில் ஏறிக் கைப்பிடியைக் கருக்கிவிடும். அதைச் சொல்லாமல் பளபளப்பைக் காட்டி விற்றால், வாங்கிய அக்கா அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார். அவரோடு அந்தத் தெருவே வராது.

என் முதல் கூட்டத்தை ஐப்பசி மழையில் வைத்தேன். திண்ணை நிறையப் பெண்கள். நான் கொண்டுபோனவை நான்-ஸ்டிக் சட்டிகள். ஓர் ஆயா ஒரு சட்டியைக் கையில் வாங்கி எடை பார்த்தார். "இதுல களி கிண்டலாமா கண்ணு?" என்று கேட்டார். போசியை அசையாமல் அழுத்திப் பிடித்து, இரண்டு கையாலும் துடுப்பைச் சுழற்றிக் கிண்டுகிற களி அது. மெல்லிய தகடும் ஒற்றைப் பிடியும் தாங்காது. முடியாது என்றேன். ஒன்றும் விற்கவில்லை. ஆனால் அந்த ஆயாவின் கேள்விதான் இன்றுவரை என் தொழிலை நடத்துகிறது: இந்த வீட்டில் எதைச் சமைக்கிறார்கள்?

கொல்லிமலையில் எங்கள் வீடுகள் 1,000 மீட்டர் உயரத்துக்கும் மேலே இருக்கின்றன. சுமார் 300 மீட்டர் ஏறினால் தண்ணீர் கொதிக்கும் சூடு ஒரு டிகிரி குறையும். காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே வந்தால், உலை 97 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதித்தாலும் பருப்பு சீக்கிரம் வேகாது; விறகுதான் தீரும். மூடிய குக்கருக்குள் ஆவி அழுத்தம் ஏறுவதால் சூடு 115 டிகிரியைத் தாண்டுகிறது. மலைக்குத்தான் குக்கர் அதிகம் தேவை. இதை வாயால் சொன்னால் யாரும் நம்ப வேண்டியதில்லை. அதனால் காய்ந்த மொச்சையை வைத்துக் காட்டுகிறேன்.

முதல் நாள் மாலையே வீட்டுக்காரப் பெண்ணிடம் மொச்சையைக் கொடுத்து ஊறவைக்கச் சொல்வேன். மறுநாள் பாதியை அவர் போசியில் போடுவோம், பாதியைக் குக்கரில். குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்ப விடமாட்டேன். தோலும் நுரையும் ஆவித் துளையை அடைத்துவிடும். பிறகு நான் பேசுவதே இல்லை. பேச்சு குச்சிக்கிழங்கு விலைக்குப் போகும், பிள்ளைகளின் ஹாஸ்டலுக்குப் போகும். விசில் வந்து ஆவி தானாக அடங்கியதும் திறந்து, இரண்டு மொச்சையையும் கையில் கொடுத்து நசுக்கச் சொல்வேன். விற்பனை அந்த விரல்களுக்கு இடையில் நடக்கிறது.

பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் அழைப்பதில்லை. பின்னால் உட்கார்ந்தவர் மொச்சையைத் தொட முடியாது. நாள், காட்டு வேலை முடிந்த பிற்பகல். மாதம், மிளகும் காப்பியும் கிழங்கும் காசாகும் தை, மாசி. மகளிர் குழு கூடும் நாளில் மட்டும் வைக்கமாட்டேன். அன்று கையிலிருக்கும் பணம் கடன் தவணைக்கானது. அதில் கை வைப்பது பாவம்.

வீட்டில் கூட்டி விற்கும் இந்த வழி புதிதல்ல. அமெரிக்காவில் பிரௌனி வைஸ் என்ற பெண்மணி டப்பர்வேர் டப்பாக்களை வீட்டு விருந்துகளில் விற்றுக் காட்டினார். 1951-இல் அந்தக் கம்பெனி கடைகளிலிருந்து சரக்கைத் திரும்ப எடுத்து வீட்டுக் கூட்டத்தையே நம்பியது. தண்ணீர் நிரம்பிய டப்பாவை மூடி, வைஸ் அறைக்குள் தூக்கி வீசுவாராம். ஒரு சொட்டும் சிந்தாது. 1996-இல் டப்பர்வேர் இந்தியாவுக்கு வந்தது. நான் எதையும் வீசுவதில்லை. ஆனால் பொருளே பேசட்டும் என்று அவர் விட்டுவிட்டதை மதிக்கிறேன்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டேன். அடியில் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத குக்கரை, பாதி விலைக்குக் கேட்டாலும் கொண்டுவரமாட்டேன். குக்கருக்கு இந்த முத்திரை 2021 முதல் கட்டாயம். படிக்கத் தெரியாத அக்காக்களுக்கும் அந்தக் குறியைத் தடவிப் பார்க்கக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

கூட்டம் முடிந்த ஒரு மாதத்தில், வாங்கியவர் வாங்காதவர் எல்லார் வீட்டுக்கும் ஒரு நடை போவேன். பையில் மாற்று ரப்பரும் சேஃப்டி வால்வும் இருக்கும். ரப்பரைக் கழற்றிக் கழுவாமல் மூடியிலேயே விட்டிருப்பார்கள். உட்கார்ந்து கழுவிக் காட்டுவேன். அந்த நான்-ஸ்டிக் ஆயா இன்னும் குக்கர் வாங்கவில்லை. போகும்போதெல்லாம் களியும் மொச்சைக் குழம்பும் போட்டுச் சாப்பிடச் சொல்கிறார். மொச்சை விரலுக்குள் நசுங்குகிறது. எத்தனை நேரம் எரித்தார் என்று அடுப்போரம் குறைந்திருக்கும் விறகைப் பார்த்துக்கொள்கிறேன்.