எங்கள் வீட்டுக்கு வந்த கால்பந்து

மறைமலைநகரில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் எந்த மாடியை அண்ணாந்து பார்த்தாலும் ஒரு டிஷ் தட்டு நிற்கும். எங்கள் வீட்டு மாடியில் மட்டும் பல ஆண்டுகளாகத் தண்ணீர்த் தொட்டியும் துணி உலர்த்தும் கயிறும் தவிர வேறொன்றும் இருந்ததில்லை. மூத்த மகள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதிய ஆண்டில் கேபிள் இணைப்பைத் துண்டித்தேன். தேர்வு முடிந்தது, சில ஆண்டுகளில் மகளுக்குத் திருமணமும் ஆயிற்று. இணைப்பு மட்டும் திரும்ப வரவில்லை. தொலைக்காட்சிப் பெட்டி உறை போர்த்தியபடி கூடத்து மூலையில் கிடந்தது. 'எங்கள் வீட்டில் அந்தத் தொல்லையே இல்லை' என்று உறவினர்களிடம் சொல்லிக்கொள்வதில் எனக்குச் சிறிது பெருமையும் இருந்தது. அந்தப் பெருமைக்கு 2022ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு சோதனை வந்தது.

கத்தாரில் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி நவம்பர் 20ஆம் நாள் தொடங்கியது. முஸ்லிம் நாடொன்றில், அரபு மண்ணில், இப்போட்டி நடப்பது அதுவே முதல் தடவை. பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த என் மகன் மறுநாள் காலை என்னிடம் வந்து, "அத்தா, தொடக்க விழாவில் குர்ஆன் வசனம் ஓதினார்கள். இடுப்புக்குக் கீழே உடலே இல்லாத இளைஞர் ஒருவர் ஓதினார். கானிம் அல்முஃப்தாஹ் என்று பெயர். நம் வீட்டிலும் ஓர் இணைப்பு வாங்கினால் எல்லாரும் பார்க்கலாமே" என்றான். "தேர்வு முடியட்டும்" என்று ஒரே சொல்லில் பேச்சை முடித்துவிட்டேன். ஓதப்பட்ட வசனம் எது என்றுகூடக் கேட்கவில்லை. மனிதர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள வேண்டும் என்று போதிக்கும் சூரத்துல் ஹுஜுராத்தின் 13ஆம் வசனம் அது என்பது எனக்குப் பின்னரே தெரிந்தது. வீட்டிலிருந்த மகனையே நான் அறிந்துகொள்ளவில்லை என்பதும் சில நாட்களில் தெரிந்தது.

"நண்பன் வீட்டில் சேர்ந்து படிக்கப் போகிறேன்" என்று சொல்லிவிட்டு அவன் இரவில் புறப்படத் தொடங்கினான். ஓர் இரவு தஹஜ்ஜுத் தொழ எழுந்தபோது மணி இரண்டு. மனம் ஏனோ ஒப்பவில்லை. அவன் அலைபேசிக்கு அழைத்தேன், எடுக்கவில்லை. நண்பனின் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டினேன். தூக்கக் கலக்கத்தோடு வந்த அவனுடைய தந்தை, "இருவரும் உங்கள் வீட்டில் படிப்பதாக அல்லவா சொன்னார்கள்!" என்றார். இருவரும் தேடிக்கொண்டு போனோம். ஜி.எஸ்.டி. சாலைக்கு அப்பால், பூட்டிய கடை ஒன்றின் படியில், ஆறு பையன்கள் ஒரே அலைபேசியைச் சுற்றிக் குனிந்திருந்தனர். அந்தப் போட்டியை ஜியோ சினிமா செயலியில் இலவசமாகக் காட்டினார்கள். பன்னிரண்டரை மணி ஆட்டம் முடியும் தறுவாயில் இருந்தது. பின்னால் சாலையில் லாரிகள் பறந்துகொண்டிருந்தன. அந்தச் சாலையை அந்நேரத்தில் கடந்துதான் அவன் வந்திருக்கிறான் என்று எண்ணியபோது என் கால்கள் தளர்ந்துவிட்டன. கையை ஓங்கினேன், அல்லாஹ் காப்பாற்றினான், அடிக்கவில்லை.

பஜ்ருத் தொழுகைக்குப் பின் ஹஜ்ரத் அவர்களிடம் நடந்ததைச் சொல்லி, "கால்பந்து என் பையனைக் கெடுத்துவிட்டது" என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பையன் ஆட்டம் பார்த்தது உங்களுக்கு வலிக்கிறதா, பொய் சொன்னது வலிக்கிறதா?" என்று கேட்டார். "பொய்தான்" என்றேன். "அப்படியானால் பொய்க்கு மருந்து தேடுங்கள். பெருநாளன்று பள்ளிவாசலில் அபிசீனியர்கள் ஈட்டி விளையாட்டு ஆடியதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பார்க்க விரும்பினார்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்கள், அன்னையார் தாமே சலித்துப்போகும் வரை, அவர்களைத் தமக்குப் பின்னால் நிற்கவைத்துக்கொண்டு உடன் நின்றார்கள். உடன் நின்று காட்டினார்கள் என்பதைக் கவனியுங்கள். நீங்கள் உடன் நிற்கவில்லை, பையன் கடைப்படிக்குப் போனான்" என்றார். எனக்குப் பதில் பேச நா எழவில்லை.

அன்று மாலையே மகனை அழைத்துக்கொண்டு டிஷ் விற்கும் கடைக்குப் போனேன். எத்தனை நிறுவனங்கள்! நம் நாட்டில் வீட்டுக்கு நேரடியாகச் செயற்கைக்கோள் ஒளிபரப்பு வந்தது 2003இல், டிஷ் டிவி மூலம். 2004இல் தூர்தர்ஷனின் கட்டணமில்லாச் சேவை தொடங்கியது. ஃப்ரீ டிஷ் என்று இப்போது வழங்குவது அதுவே. 2006இல் டாடா ஸ்கை வந்தது; 2022இல் அதன் பெயர் டாடா பிளே என்று மாறியது. 2007இல் சன் டைரக்ட், 2008இல் ஏர்டெல் என்று வரிசை நீண்டது. கடைக்காரர் ஒவ்வொன்றின் பெருமையையும் சொல்லிவிட்டு, ஓராண்டுக்கு மொத்தமாகப் பணம் கட்டும் 'விளையாட்டுத் தொகுப்பு' ஒன்றை முன்னே வைத்தார். தொகையைக் கேட்டதும் எனக்கு வியர்த்தது. வீண்விரயத்தை மார்க்கம் கண்டிக்கிறது. என் வருமானமும் அதைத் தாங்காது.

அப்போது மகன் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். "அத்தா, ஆட்டத்தைக் காட்டும் உரிமை தட்டு விற்கும் நிறுவனத்துக்குச் சொந்தமில்லை. அலைவரிசை நடத்துவோர் அதை விலை கொடுத்து வாங்குகிறார்கள். அந்த உரிமையும் ஓரிடத்தில் நிற்பதில்லை. 2002இல் டென் ஸ்போர்ட்ஸ், 2014இலும் 2018இலும் சோனி, இந்த ஆண்டு ஸ்போர்ட்ஸ்18. ஆகையால் முதலில் அலைவரிசையைத் தேர்ந்தெடுப்போம், அது யாரிடமெல்லாம் வருகிறது என்று பிறகு கேட்போம்" என்றான். அவன் சொன்னது முற்றிலும் சரி. அந்த அலைவரிசையின் பெயர்கூட 2025இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் என்று மாறிவிட்டது. இன்று ஓராண்டுக்குப் பணம் கட்டிவிட்டு, நாளை ஆட்டம் வேறிடத்துக்குப் போய்விட்டது என்று வருந்துவோர் பலர்.

தாளில் கணக்கும் இருந்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2019ஆம் ஆண்டு விதிப்படி, வேண்டிய அலைவரிசையைத் தனித்தனியே வாங்கும் உரிமை நமக்கு உண்டு. அடிப்படைக் கட்டணம் அந்நாளில் மாதம் 130 ரூபாய். வரியுடன் சேர்த்து 153 ரூபாய் 40 காசு. தொகுப்பில் சேரும் அலைவரிசை எதன் விலையும் 19 ரூபாயைத் தாண்டக் கூடாது. ஓர் அலைவரிசையின் விலை எல்லா நிறுவனத்திலும் ஒன்றே. எங்களுக்குத் தேவைப்பட்டது விளையாட்டு அலைவரிசை ஒன்று. கட்டணமில்லாத செய்தி அலைவரிசைகள் சில. ஆண்டுத் தொகுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு மாதத்துக்கு மட்டும் பணம் கட்டினோம். (அடிப்படைக் கட்டணத்துக்கு இருந்த உச்சவரம்பு 2024 ஜூலையில் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே இப்போது வாங்குவோர் அதை நிறுவனத்துக்கு நிறுவனம் ஒப்பிட்டுப் பார்ப்பது நலம்.)

கட்டணமில்லாத் தூர்தர்ஷன் சேவையே போதாதா என்றும் கேட்டேன். தேச முக்கியத்துவம் உடையவை என்று அரசு அறிவிக்கும் ஆட்டங்களைத் தூர்தர்ஷனோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என 2007இல் சட்டம் வந்தது. ஆனால் உலகக் கோப்பையில் சில ஆட்டங்கள் மட்டுமே அந்தப் பட்டியலில் வரும். அந்தச் சிலவே போதும் என்னும் குடும்பங்களுக்கு அதைவிடச் சிக்கனமான வழி வேறில்லை. எங்கள் மகனோ மொராக்கோ அணியின் எல்லா ஆட்டங்களையும் பார்க்க விரும்பினான்.

எந்த நிறுவனத்தை எடுத்தோம் என்று சொன்னால் விளம்பரமாகிவிடும். அண்டை வீட்டார் இருவரிடம், "பழுது என்றால் எத்தனை நாளில் ஆள் வருகிறார்?" என்று கேட்டு முடிவு செய்தோம் என்பது மட்டும் போதும்.

தட்டு மாடியேறும் முன் கூடத்தில் அமர்ந்து எங்களுக்குள் ஓர் உடன்பாடு செய்துகொண்டோம். பாங்கு ஒலித்தால் பெட்டி அணையும். ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும் சரி. இஷாத் தொழுகைக்குப் பின் வீண்பேச்சில் விழித்திருப்பதை நபியவர்கள் விரும்பவில்லை. ஆகையால் எட்டரை மணி ஆட்டம் முடிந்ததும் உறக்கம். பன்னிரண்டரை மணி ஆட்டம் பஜ்ரைத் தின்றுவிடும். அதன் முடிவைக் காலையில் செய்தியில் பார்த்துக்கொள்வது. பந்தயம் கட்டத் தூண்டும் விளம்பரம் வந்தால் ஒலியை அடக்குவது மகனின் பொறுப்பு. கடைசியாக என் மனைவி ஒன்று சேர்த்தாள்: "எங்கே போனாலும் உண்மையைச் சொல்லிவிட்டுப் போ, தம்பி. அத்தா கோபித்தாலும் பரவாயில்லை." மகன் தலை குனிந்தபடி, "சரிம்மா" என்றான்.

டிசம்பர் 6ஆம் நாள் மொராக்கோ ஸ்பெயினைப் பெனால்டி முறையில் வென்றதை எல்லாரும் சேர்ந்து பார்த்தோம். ஆட்டத்தின் விதி ஒன்றும் அறியாத என் தாயார், வீரர்கள் மைதானத்திலேயே சஜ்தாவில் விழுந்ததைக் கண்டு கண் கலங்கினார்கள். அடுத்த ஆட்டம் 10ஆம் நாள் இரவு, போர்ச்சுகலோடு.

அதற்கு முந்தைய இரவில்தான் மாண்டஸ் புயல் எங்கள் மாவட்டத்தில் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரையைக் கடந்தது. மழை வலுத்ததுமே திரையில் படம் உடைந்தது. நம் தட்டுகளுக்கு வரும் அலை கனத்த மழையில் வலுவிழந்துவிடும். அது எந்த நிறுவனத்துக்கும் பொதுவான குறை, மழை குறைந்தால் தானே சரியாகிவிடும். ஆனால் எங்களுக்கு வேறொன்று நேர்ந்தது. இரவெல்லாம் காற்று அறைந்ததில் தட்டு திரும்பிவிட்டது. மறுநாள் மின்சாரம் வந்தபின் பெட்டியை இயக்கினால், 'சிக்னல் இல்லை' என்ற வாசகமே நின்றது. தொலைபேசியில் அழைத்தால், ஆள் வர இரண்டு மூன்று நாளாகும் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஊரெங்கும் தட்டுகள் சாய்ந்திருந்தன.

மகன் என்னையே பார்த்தான். நண்பர்கள் ஓரிடத்தில் கூடி அலைபேசியில் பார்க்கப் போகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அவன் வாய் திறந்து, "அத்தா, நான் போய் வரட்டுமா? எந்த இடம் என்று சொல்லிவிட்டே போகிறேன்" என்று கேட்டான். கேட்டானே, அது எனக்குப் போதுமாயிருந்தது. "ஸ்பானரை எடு, முதலில் மாடியில் பார்ப்போம்" என்றேன்.

1986இல் மெக்சிகோ உலகக் கோப்பையைத் தூர்தர்ஷன் காட்டியபோது நானும் இப்படி மாடியேறி ஆண்டெனாவைத் திருப்பியவன்தான். இப்போது ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமத்திய ரேகைக்கு மேலே நிற்கும் ஒரு செயற்கைக்கோளைத் தட்டு குறிபார்க்க வேண்டும். ஓரிரு பாகை விலகினாலும் படம் வராது. நம் ஊர் பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் தட்டு ஏறத்தாழ வானத்தையே அண்ணாந்திருக்கும். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் திசை சற்றே வேறு. அடுத்த மாடியில் அசையாமல் நின்ற, எங்கள் நிறுவனத்தின் தட்டையே மகன் மாதிரியாகக் கொண்டான். காற்று அடங்கி, தரையும் உலர்ந்திருந்தது. நான் தட்டைப் பிடித்துக்கொண்டேன். அவன் திருகாணியைத் தளர்த்தி, நெல்லளவு நெல்லளவாகத் திருப்பினான். கீழே சன்னலோரம் நின்ற என் மனைவி திரையைப் பார்த்து, "இல்லை... இல்லை... கொஞ்சம் வருகிறது... போய்விட்டது..." என்று குரல் கொடுத்தாள். கடைசியில், "வந்துவிட்டதுங்க!" என்ற குரலுக்கு முன்பாகவே என் தாயாரின் "அல்ஹம்துலில்லாஹ்" கேட்டது.

இஷாவை ஜமாஅத்தோடு தொழுதுவிட்டு வந்து அமர்ந்தோம். 42ஆம் நிமிடத்தில் அந்நஸீரி உயர எழும்பித் தலையால் முட்டிய பந்து வலைக்குள் புகுந்தது. அந்த ஒரு கோலே முடிவாயிற்று. உலகக் கோப்பையின் அரையிறுதிக்குள் நுழைந்த முதல் ஆப்பிரிக்க நாடும், முதல் அரபு நாடும் மொராக்கோதான். ஆட்டம் முடிந்ததும் பூஃபால் என்னும் வீரர் தம் தாயாரை மைதானத்துக்கு அழைத்துவந்து, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு ஆடினார். "யாருடைய பிள்ளை இவன்? நன்றாயிருக்கட்டும்" என்று என் தாயார் துஆ செய்தார்கள்.

அன்றிரவு படுக்கப்போகும் முன் மகன் என்னருகே வந்து நின்றான். "அத்தா, அன்று பொய் சொன்னதற்கு மன்னித்துவிடுங்கள்" என்றான். அந்த நள்ளிரவில் நான் எவ்வளவு மிரட்டியும் வராத சொல், கேட்காமலே வந்தது. "நீ முதல்நாள் கேட்டபோது நான் காது கொடுத்திருக்க வேண்டும். நீயும் மன்னித்துவிடு" என்றேன்.

அரையிறுதியில் மொராக்கோ பிரான்சிடம் தோற்றது. போட்டி முடிந்ததும், மகனே அந்த விளையாட்டு அலைவரிசையை நீக்கிவிட்டான். இப்போதும் பெரிய போட்டி வந்தால் ஒரு மாதம் மட்டும் சேர்ப்போம், முடிந்தால் எடுத்துவிடுவோம்.

எந்த நிறுவனத்தின் தட்டு நல்லது என்று நண்பர்கள் இன்றும் என்னைக் கேட்கிறார்கள். எல்லாத் தட்டும் அதே ஆட்டத்தைத்தான் கொண்டுவருகிறது. தேவையான அலைவரிசையை மட்டும், தேவையான காலத்துக்கு மட்டும் வாங்குங்கள் என்கிறேன். அத்தோடு, வாங்கிவிட்டுப் பிள்ளையைத் தனியே விட்டுவிடாமல் அவன் பக்கத்தில் உட்காருங்கள் என்றும் சொல்கிறேன். நம் பிள்ளைகள் நம்மிடம் உண்மை பேசும் வீடுகளாக நம் வீடுகளை அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.