உப்புக் காற்றும் கிதார்ப் பெட்டியும்

மரக்காணத்தில் இரும்பு என்று ஒன்றும் நெடுநாள் இரும்பாக இருப்பதில்லை. ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், கதவின் கீல் எல்லாம் சில வருஷங்களில் பழுப்புப் பொடியாகிவிடும். வாடகை வீட்டின் சொந்தக்காரர் என்னிடம் சாவியைக் கொடுக்கும்போதே பூட்டுக்குத் தேங்காயெண்ணெய் விடச் சொல்லித்தான் கொடுத்தார். 2023-ஆம் வருஷம் ஆனி மாதம், ஒரு நாவலை முடிப்பதாகச் சொல்லிக்கொண்டு அங்கே போய் மூன்று மாதம் தங்கினேன். நாவல் முடியவில்லை. அதற்குப் பதிலாக ஒரு கிதார்ப் பெட்டியின் நாதத்தைச் சரிபண்ணுகிற காரியத்தில் பங்கு கிடைத்தது.

கிதார்ப் பெட்டி என்று அங்கே சொன்னது ஆம்ப்ளிஃபயரை. மின்சாரக் கிதாருக்குத் தனியாகக் குரல் கிடையாது என்பது வாசகர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். வீணைக்குக் குடம் உண்டு, சாதாரணக் கிதாருக்கு வயிறு உண்டு; இதற்கோ வெறும் பலகைதான். தந்தி அதிர்ந்தால், அதன் கீழே ஆயிரக்கணக்கான சுற்றுக்களாகச் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பியில் கொசு கடித்த மாதிரி ஒரு மின்சாரம் பிறக்கும். அதை வளர்த்துக் குரலாக்குவது பெட்டியின் வேலை. ஆகவே பெட்டி வாத்தியத்துக்குத் துணை அல்ல, வாத்தியத்தில் பாதி. நான் கல்லூரியில் இன்டர்மீடியட் அளவோடு நின்றவன்; அந்த இரண்டு வருஷத்திலும் ஒன்றரை வருஷம் கிதார்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். அதனால் இது மட்டும் கொஞ்சம் தெரியும்.

கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் செய்கிற பெரியவர் ஒருவர் இருந்தார். இப்போது அவருக்கு வருவதெல்லாம் மிக்ஸியும் டி.வி. ரிமோட்டும்தான். ஆனாலும் ஊருக்கு அவர் ரேடியோக்காரர்தான். ஒருநாள் சாயங்காலம் அவர் கடைப் பலகையில் நான் உட்கார்ந்திருந்தபோது இருபத்திரண்டு வயசுப் பையன் ஒருவன் பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். காலையில் தாயோடு உப்பளத்துக்குப் போகிறவன். ராத்திரியில் அம்மன் கோயில் திருவிழாக்களில் மெல்லிசைக் கச்சேரிக்குக் கிதார் வாசிக்கிறவன்.

"தாத்தா, இது பகல்ல நல்லாப் பாடுது. ராத்திரி கச்சேரியில கரகரங்குது. புதுசு வாங்கலாம்னு இருக்கேன்."

"எவ்ளோடா புதுசு?"

"முப்பத்தஞ்சாயிரம் ஆகும். அம்மா தோட்டை வெச்சுத் தரேங்குது."

கோஷ்டித் தலைவர் சொல்லிவிட்டாராம்: அடுத்த திருவிழாவுக்குள் கிதார் ஒழுங்காகக் கேட்கவேண்டும், இல்லாவிட்டால் கீபோர்டிலேயே கிதார் பொத்தானை அமுக்கிக்கொள்ளலாம் என்று. இது வெறும் மிரட்டல் அல்ல. கீபோர்டு வந்தபிறகு எத்தனையோ மெல்லிசைக் குழுக்களில் பிடில்காரரும் புல்லாங்குழல்காரரும் மேடையை விட்டு இறங்கியிருக்கிறார்கள்.

பையன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று விசாரித்தேன். பெட்டி உறுமுகிறது என்று அதை ஒதுக்கிவிட்டு, கிதாரின் வயரை நேரே மைக் செட்டின் மைக் துவாரத்தில் செருகிக்கொண்டிருந்தான். கிதாரின் அந்தக் கொசுக்கடி மின்சாரம் பத்து லட்சம் ஓம் தடை உள்ள வாசலில்தான் சுகமாக நுழையும். மைக் துவாரத்தில் இருப்பது சில ஆயிரம் ஓம். அங்கே நுழையும்போதே உச்ச ஸ்தாயியின் பளபளப்பெல்லாம் போய்விடும். பிறகு அது போய்ச் சேருகிற இடம் வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர். கிதாரின் அடித் தந்தி வினாடிக்கு 82 முறை அதிர்கிறது. குழாயோ சுமார் 300-க்குக் கீழே வாய் திறக்காது. மேலே இருந்ததைத் துவாரம் தின்றது, கீழே இருந்ததைக் குழாய் தின்றது, நடுவில் மிஞ்சியது தகரம். கோஷ்டித் தலைவரைக் குற்றம் சொல்ல முடியவில்லை.

பெரியவர் இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் மனசு, 'பகலில் நன்றாகப் பாடுகிறது, ராத்திரியில் கரகரக்கிறது' என்ற சொல்லிலேயே நின்றுவிட்டது. பின் பலகையைக் கழற்றி மூக்கை வைத்து முகர்ந்தார். "உப்பு" என்றார்.

இதில் ஒரு சாஸ்திரம் இருக்கிறது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புக்கல் காற்றிலிருக்கும் நீரைக் குடித்துத் தானே கரைய ஆரம்பித்துவிடும். பாத்தியில் வாரிய கடலுப்பில் மக்னீசியமும் கலந்திருப்பதால் அதற்கும் முன்பே கசியும். கடற்கரையில் ராத்திரி அந்த அளவைத் தாண்டாத நாள் குறைவு. பெட்டிக்குள் வருஷக்கணக்கில் படிந்த மெல்லிய உப்புத்தூள் ராத்திரியில் நீராகி, போகக்கூடாத இடத்துக்கெல்லாம் மின்சாரத்தைக் கடத்துகிறது. மறுநாள் வெயிலில் காய்ந்து சாதுவாகிவிடுகிறது. உப்பள வேலைக்காரர்களின் காலில் இருக்கும் வெடிப்பும் இப்படித்தான். காய்ந்திருக்கும்போது தெரியாது, நனைந்தால் எரியும்.

அந்தப் பெட்டி புதுச்சேரியில் கலைந்துபோன ஒரு வாத்தியக் கோஷ்டியிடமிருந்து வந்தது. எந்தக் கம்பெனிப் பெயரும் இல்லை. உள்ளே பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் செய்த வால்வுகள்: ஒரு ஈ.சி.சி. 83, இரண்டு ஈ.எல். 84. இங்கிலாந்தின் புகழ்பெற்ற வாக்ஸ் ஏ.சி. 30 பெட்டியில் இதே ஈ.எல். 84 நான்கு இருக்கும் என்று சொன்னேன். பையனுக்குப் பெட்டியின் மேல் திடீரென்று மரியாதை வந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து புது வால்வு வரவழைத்துப் போட்டால் இன்னும் நன்றாக இருக்குமே என்றான். வால்வை மாற்றுவது எல்லோருக்கும் முதலில் தோன்றுகிற யோசனை; செலவுக்குத் தகுந்த பலன் அதில் மிகக் குறைவு என்பது என் அபிப்பிராயம். பெரியவர் ஒரு பென்சிலால் வால்வுகளை மெல்லத் தட்டிக் கேட்டார். "உசுரு இருக்குது, இருக்கட்டும்" என்று விட்டுவிட்டார்.

நான் சென்னைக்குப் போய் ரிச்சி தெருவில் கண்டன்சர்கள் வாங்கி வந்தேன். பெட்டியின் உறுமலுக்குக் காரணம் அவைதான். வீட்டு மின்சாரம் 50 சுழற்சி. பெட்டி அதை நேர் மின்சாரமாக்கும்போது 100 சுழற்சி அலை ஒன்று மிஞ்சும். அதை விழுங்கவேண்டிய பெரிய கண்டன்சர்கள் வயசானால் வற்றிப்போகும். அப்போது ஒவ்வொரு பாட்டுக்கும் அடியில் கேட்காத சுருதி ஒன்று சேர்ந்துகொள்ளும். இந்த வேலையை யாரும் வீட்டில் சுயமாகச் செய்துபார்க்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கின பிறகும் 300 வோல்ட் உள்ளே காத்திருக்கும். பெரியவர் ஒரு ரெஸிஸ்டரை வைத்து அதை வடியவிட்டு, மீட்டரில் பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்டு, இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டுதான் உள்ளே தொட்டார். அறுபது வருஷமாக அந்தக் கையை அப்படி வைத்துத்தான் பிழைத்திருப்பதாகச் சொன்னார். பிறகு ஸ்பிரிட்டும் பழைய பல் துலக்கும் பிரஷும் கொண்டு இரண்டு நாள் உப்பைத் துடைத்தார். அதற்குக் கூலி பேசவில்லை.

அந்த இரண்டு நாளும் நான் பாத்தி வரப்புகளில் நடந்து திரிந்தேன். சிறுபாணாற்றுப்படையில் வருகிற எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்று ஆராய்ச்சியாளர் பலர் சொல்கிறார்கள். பாடியவரான நத்தத்தனார் பக்கத்து இடைக்கழிநாட்டுக்காரர். நல்லியக்கோடனிடம் பரிசு வாங்கப் போகிற வறுமைப்பட்ட பாணன் கையில் சின்ன யாழ். வழியில் உப்பு வண்டிகளோடு உமணர்கள். அவன் யாழுக்கும் பத்தர் என்ற தோல் போர்த்த பெட்டி இருந்தது. இந்தக் காற்றில் அந்தத் தோல் தொய்ந்துபோன ராத்திரிகளில் அவன் என்ன செய்திருப்பான் என்று யோசித்தேன். புலவர் பசியைச் சொன்னார், இதைச் சொல்லவில்லை.

மின்சார வாத்தியம் என்றால் முகம் சுளிக்கிற ரஸிகர்கள் இன்றும் உண்டு. அவர்களிடம் மாண்டலின் ஸ்ரீநிவாஸின் பெயரைச் சொன்னால் போதும். மாண்டலினில் ஜோடி ஜோடியாக எட்டுத் தந்தி இருந்ததை ஐந்து ஒற்றைத் தந்தியாக்கி, மின்சாரத்தில் அதன் நாதத்தை நீளவைத்து, கமகத்துக்கு இடம்பண்ணிக்கொண்டார். அந்தப் பெட்டி இல்லாவிட்டால் மாண்டலினில் தோடி ஏது?

உப்பு போயிற்று, உறுமல் போயிற்று. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பில் ஓர் ஓரம் கிழிந்திருந்தது. நாதத்தில் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது. வால்வையும் வயரையும் பற்றிப் பேசுகிறவர்கள் ஸ்பீக்கரை மறந்துவிடுகிறார்கள். 1964-ல் லண்டனில் கிங்க்ஸ் கோஷ்டியின் டேவ் டேவிஸ், தன் சின்னப் பெட்டியின் கூம்பை பிளேடால் வேண்டுமென்றே கிழித்து, அந்த முரட்டு ஓசையாலேயே உலகப் பிரசித்தி பெற்றார். நான் இதைச் சொன்னது நல்லதாகப் படவில்லை.

"அப்போ கிழிஞ்சே இருக்கட்டும் சார்" என்றான் பையன்.

"எடுப்பு எடுக்கிற ஊருல தாலாட்டும் வாசிக்கணும்டா" என்று பெரியவர் மெல்லிய காகிதத்தில் பசை தடவி ஒட்டிவிட்டார்.

கடைசித் திருத்தத்துக்குக் காலணாச் செலவு இல்லை. ஸ்பீக்கரிலிருந்து உச்ச ஸ்தாயி டார்ச் வெளிச்சம் மாதிரி நேர்கோட்டில் போகிறது. பெட்டி தரையில், பையனின் முழங்காலுக்குக் கீழே. கூர்மையெல்லாம் கால்களுக்கிடையே ஓடி முன்வரிசைப் பெண்களின் காதை அறுக்க, அவன் தனக்குக் கேட்கவில்லை என்று மேலும் திருகிக்கொண்டிருந்தான். முன் ஓரத்தில் ஒரு செங்கல் வைத்துப் பெட்டியை அண்ணாந்து பார்க்கவைத்தோம். அவன் ஒரு தந்தியைத் தட்டிவிட்டு, தானே கையை நீட்டித் திருகைப் பாதியாகக் குறைத்தான். கச்சேரியில் கிதார் வயரை மைக் செட்டில் செருகாமல், பெட்டிக்கு முன்னால் ஒரு சாண் தள்ளி, கூம்பின் நடுவை விட்டுச் சற்று ஓரமாக மைக்கை வைப்பது என்றும், கிதாருக்கு மட்டுமாவது குழாயை விட்டுப் பெட்டி ஸ்பீக்கர் வைப்பது என்றும் மைக் செட்காரரிடம் பேசி முடித்தோம். அவர் சம்மதிக்க இரண்டு டீ ஆயிற்று.

அன்று ராத்திரி அவர்கள் வீட்டுத் திண்ணையில் வாசித்துப் பார்த்தான். காற்று பிசுபிசுவென்று இருந்தது; பெட்டி கரகரக்கவில்லை. அவன் தாய் உப்பளத்திலிருந்து வந்து, காலில் எண்ணெய் தடவியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பாட்டு முடிந்ததும் என்னைப் பார்த்து, "எவ்ளோ ஆச்சு சார்?" என்றாள்.

"1,800 ரூபாய்க்குள்ளேதான் அம்மா."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. கை ஒருமுறை காதுக்குப் போய் வந்தது.

உப்பு திரும்ப ஏறாமலிருக்க வழி கேட்டேன். பெரியவர் ஒரு ஜீரோ வாட் பல்பைப் பெட்டிக்குள் ஒரு மூலையில் மாட்டிவிட்டார். ராத்திரி முழுவதும் எரிந்தால் உள்காற்று கொஞ்சம் வெதுவெதுப்பாகும். வெதுவெதுப்பில் ஈரப்பதம் இறங்கும். உப்பு உப்பாகவே இருக்கும். பெயர்தான் ஜீரோ, 15 வாட் தின்னும். ராத்திரிக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 11 யூனிட். வீட்டுக்கு இலவசமாக வருகிற 100 யூனிட்டில் அடங்கிவிடும் என்று தாயும் மகனும் விரல்விட்டுக் கணக்குப் பார்த்துக்கொண்டார்கள்.

ஆடி, ஆவணித் திருவிழாக்கள் முழுவதும் கோஷ்டியில் அவன்தான் வாசித்தான். ஐப்பசியில் மழை பிடித்து, பாத்திகளெல்லாம் நீர் நின்று, உப்பு வேலை நின்றது. தோடு அப்போது கடைக்குப் போய்விட்டதாகப் பையன் போனில் சொன்னான். வருஷா வருஷம் போவதுதானாம், தை பிறந்து வேலை ஆரம்பித்தால் மீட்கவேண்டுமாம். பெட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நன்றாக இருக்கிறது, மழைக்காலம் பிறந்ததிலிருந்து வீட்டுப் பூனை அதன்மேல்தான் தூங்குகிறது, வாசிக்க எடுத்தால் கோபித்துக்கொள்கிறது என்றான்.